வ வருகிற நாள்

ஸல்ஹா நாட்காட்டி பார்ப்பதை விட்டுக் கனகாலம். அவளுக்கு இப்போது நாளும் கிழமையும் எல்லாம் எழுத்துத்தான். இன்றைக்கு என்ன நாள் என்று யாராவது கேட்டால், 'ப' நாள் என்றோ 'ம' நாள் என்றோ வாய் வரைக்கும் வந்துவிடும். நல்லவேளை, கிண்ணியாவில் ஒருவரும் அவளிடம் அப்படிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பிள்ளை போன துக்கத்தில் இவளுக்கு மூளை பிசகிவிட்டது என்று பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கக் கதை பரவியிருக்கும்.

இந்த எழுத்துக் கணக்குக்குக் காரணம் துறைமுக வானொலி. திருகோணமலை நகரத்தில், ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இரண்டு அறையை வைத்துக்கொண்டு, அரசாங்கம் கொடுக்கிற கொஞ்சத்திலும் ஊரவர் கொடுக்கிற கொஞ்சத்திலும் ஓடுகிற சின்ன நிலையம் அது. காற்று எப்படி, கடல் எப்படி, மீன் என்ன விலை என்பதுதான் அதில் பெரிய செய்தி. காலைச் செய்தி முடிந்ததும் 'எழுத்துத் தோணி' வரும். பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி. பெற்றோல் இல்லாமல் பாடசாலைகள் மூடிக் கிடந்த காலத்தில் தொடங்கியது. திறந்த பிறகும் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் தாய்மார் படியேறிப்போய்ச் சண்டை பிடித்திருப்பார்கள். ஒரு நாளைக்கு ஓர் எழுத்து, ஓர் எழுத்துக்கு ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை தன் பெயரைச் சொல்லும், எழுத்தைச் சொல்லும், அந்த எழுத்தில் ஒரு சொல்லும் ஒரு வசனமும் சொல்லும். அதன் பிறகு நிகழ்ச்சியை நடத்துகிற சுலோஜனா, எழுத்தை எங்கே சுழிக்க வேண்டும், எங்கே வளைக்க வேண்டும் என்று சொல்லச் சொல்ல, வீடுகளில் பிள்ளைகள் சுளகில் அரிசிமாவைப் பரப்பி விரலால் எழுதும். கொப்பி இல்லாத வீடு இருக்கலாம், அரிசிமா இல்லாத வீடு கிண்ணியாவில் எங்கே இருக்கிறது? 'அ'வில் தொடங்கி எழுத்தெல்லாம் முடிந்தால் அடுத்த நாள் மறுபடியும் 'அ'. ஒரு சுற்று முடிய ஒரு மாதம் மட்டில் ஆகும்.

அதில் 'வ' ஆதிலாவின் எழுத்து. ஆதிலா, ஸல்ஹாவின் ஒரே மகள்.

அதைப் பதிவு செய்த நாள் ஸல்ஹாவுக்கு நேற்று மாதிரி. சுலோஜனா பதிவு செய்கிற கருவியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு நகரத்திலிருந்து பஸ்ஸில் வந்தாள். பாலர் பாடசாலையின் சாமான் அறைக்குள் பாய்களை நிறுத்திவைத்து, வெளிச்சத்தம் புகாமல் அடைத்துவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டாள். ஆதிலா போட்டிருந்ததோ நடந்தால் கீச்சுக் கீச்சென்று கத்துகிற செருப்பு. அதைக் கழற்றச் சொன்னதற்கு ஒரு பாட்டம் அழுதாள். பிறகு வெறுங்காலோடு போய், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்று சொன்னாள்: "என்ட பேர் ஆதிலா. வ. வள்ளம். வாப்பாட வள்ளம் வருது." சொல்லி முடித்த கையோடு, கதவடியில் நின்ற தாயைத் திரும்பிப் பார்த்து, "உம்மா, சரியா சொன்னனா?" என்று கேட்டாள். அந்த 'சரியா'வை ஓர் இழுவை இழுத்தாள் பாருங்கள், அறைக்குள் நின்ற எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சுலோஜனா கெட்டிக்காரி. அந்தக் கேள்வியை அவள் வெட்டவில்லை, அப்படியே நிகழ்ச்சியில் விட்டாள். தாய் சொன்ன பதிலைத்தான் வெட்டி எடுத்தாள். கேள்வியை ரேடியோ கேட்கட்டும், பதிலை அந்தந்த வீட்டுத் தாய் தன் பிள்ளைக்குச் சொல்லட்டும் என்பது அவளுடைய எண்ணம். அது பலித்தது. 'வ' வருகிற நாளில், "சரி மகன்", "சரி மகள்" என்று குசினிகளுக்குள்ளிருந்து தாய்மார் சொல்வது ஒழுங்கை வரைக்கும் கேட்கும். ஸல்ஹாவும் சொல்வாள். உடனே, பக்கத்தில் சுளகோடு குந்தியிருக்கிற ஆதிலா, "நான் இஞ்ச இரிக்கன், நீங்க ரேடியோவுக்குச் சொல்றீங்க" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

அந்த மாரியில் பெருமழை வந்தது. வீட்டுக்குள் இடுப்பளவு வெள்ளம். உயிர் தப்பியது பெரிது என்று பள்ளிவாசலுக்கு ஓடினார்கள். ஸல்ஹாவின் போன் தண்ணீருக்குள் போய்ச் செத்துவிட்டது. ஆதிலா ஆடினது, பாடினது, சண்டை பிடித்தது எல்லாம் அதற்குள்தான். வெள்ளம் வடிந்த பிறகு நகரத்தில் கடை கடையாக ஏறி இறங்கினாள், ஒருவருக்கும் ஏலவில்லை. போனால் போகட்டும், பிள்ளை இருக்கிறாள்தானே, புதிதாக எடுக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அப்படிச் சொன்ன வாயை நினைத்துப் பிறகு எத்தனை தரம் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள் என்பது அவளுக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும். வெள்ளத்துக்குப் பின்னால் நுளம்பு வந்தது, நுளம்புக்குப் பின்னால் டெங்கு வந்தது, ஒரு கிழமைக்குள் ஆதிலா இல்லை. படங்கள் இருந்தன, சொந்தக்காரரின் போன்களில். குரல் ஒருவரிடமும் இல்லை.

மையித்து வீட்டுக்குத் துக்கத்துக்கு வந்த சனம் கலைந்து கொஞ்ச நாள் சென்றிருக்கும். ஸல்ஹா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ரேடியோ தன்பாட்டில் பாடிக்கொண்டிருந்தது. திடீரென்று, "என்ட பேர் ஆதிலா" என்றது.

கையில் துருவலகு கீறி இரத்தம் தேங்காய்ப்பூவில் விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. வள்ளம் வந்தது, வாப்பா வந்தார், எல்லாம் வரிசையாக வந்து, கடைசியில் "உம்மா, சரியா சொன்னனா?" என்றது. ஸல்ஹாவின் தொண்டைக்குள்ளிருந்து பதில் தானாக வந்தது. "சரிதான் மகள்," என்றாள். பிள்ளை கேட்கிறாள், தாய் பதில் சொல்கிறாள், உலகத்தில் இதைவிட வேறென்ன வேண்டும்?

அதனால்தான், ஊர் வழக்கப்படி பிள்ளையின் உடுப்புகளை ஏழை எளியதுகளுக்கு ஸதக்காவாகக் கொடுத்துவிடுவோம், கண்ணில் படப்படத் துக்கம் கூடும் என்று பெரியவர்கள் சொன்னபோது அவள் மறுபேச்சுப் பேசவில்லை. பெருநாள் சட்டை, புத்தகப்பை, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள். கீச்சுச் செருப்பு பக்கத்து வீட்டுச் சுஹைராவின் சின்ன மகளுக்குப் போயிற்று. என்ன பொறுமை, என்ன ஸப்று என்று பெண்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். பொறுமையும் இல்லை, ஒன்றும் இல்லை. 'வ' வருகிற நாளில் பிள்ளை வருவாள் என்கிற தைரியம்தான். அது மட்டும் இல்லையென்றால் ஒரு செருப்பு வாரைக்கூட அவள் விட்டிருக்கமாட்டாள்.

ஏன், வேறு போனில் அதைப் பதிந்து வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். அவளும் யோசித்தாள். தம்பி கொடுத்த பழைய போன் ஒன்று கையில் இருந்தது, அமத்த வேண்டியது ஒரு பொத்தான்தான். ஆனால் பதிந்துவிட்டால் அது பெட்டிக்குள் போட்டு மூடின சாமான் ஆகிவிடும் என்று அவளுக்குப் பட்டது. நினைத்த நேரம் எடுத்து, நினைத்த நேரம் வைக்கலாம். ரேடியோவில் வந்தால் அப்படியில்லை. பிள்ளை தன்பாட்டில் வருகிறாள், வந்து கேட்டுவிட்டுப் போகிறாள். வருகிற பிள்ளையை யாராவது பிடித்து அடைத்துவைப்பார்களா? இதை மடத்தனம் என்று சொல்லலாம். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

இதையெல்லாம் அவள் புருசன் றிகாஸிடம் மூச்சு விடவில்லை. றிகாஸ் கடலுக்குப் போகிறவன், சும்மாவே அதிகம் கதைக்காதவன். பிள்ளை போன நாளிலிருந்து 'ஆதிலா' என்ற பெயர் அவன் வாயில் வரவில்லை. அவன் சொல்லாததால் இவளும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் நோகடிக்கக்கூடாதென்று வாயைப் பூட்டிக்கொண்டு, மீனையும் மழையையும் பற்றிக் கதைத்துக்கொண்டு, ஒரே கூரைக்குக் கீழே தனித்தனியாகச் செத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த சுற்றில் 'வ' வந்த காலையில், காற்று சரியில்லையென்று றிகாஸ் நேரத்தோடு கரைக்கு வந்துவிட்டான். ஸல்ஹா குசினிச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் கண்ணீர், உதடு அசைகிறது. வாசலில் அவன் நிழல் விழுந்ததை அவள் கண்டாள். அவன் உள்ளே வரவில்லை. வந்த வழியே சத்தமில்லாமல் திரும்பிப் போனான். பிறகு சோறு தின்னும்போது சூடை மீனில் முள்ளு அதிகம் என்றான். ஓம், அதிகம் என்றாள் அவள். அவ்வளவுதான் அன்றைய கதை.

மூன்றாவது சுற்றில் 'ய' வந்ததிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. 'ர' வந்தது, 'ல' வந்தது. 'வ' வருகிற நாளில் வெள்ளென எழும்பி, முகம் கழுவி, சுளகை எடுத்து அரிசிமாவைப் பரப்பி வைத்துக்கொண்டு ரேடியோவுக்கு முன்னால் குந்தினாள். செய்தி நீண்டுகொண்டே போயிற்று. பாழாய்ப்போன மீன்விலையை இன்றைக்குத்தானா இவ்வளவு விரித்துச் சொல்ல வேண்டும் என்று திட்டினாள். ஒருவழியாக 'எழுத்துத் தோணி' வந்தது.

"என்ர பேர் நிதுசன். வ. வண்டில். அப்பாவின்ர வண்டில் போகுது."

வேறு பிள்ளை. நல்ல கணீரென்ற குரல். ஒரு பிழை இல்லாமல் சொன்னான், கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. சுலோஜனா வழக்கம்போல, இப்ப நாங்கள் எழுதுவமா செல்லங்கள் என்று தொடங்கிவிட்டாள். ஸல்ஹாவின் விரல் மாவுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அந்தப் பையன்மேல் அவளுக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது? அவன் என்ன செய்தான் பாவம், நாலைந்து வயதுப் பிள்ளை. இருந்தாலும் வந்தது. தன் பிள்ளையின் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டவன் மாதிரித்தான் இருந்தது. பிறகு அந்த ஆத்திரமும் வடிந்து, ஒரு பயம் மட்டும் நின்றது.

அபாயாவை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். கிண்ணியாப் பாலத்தில் பஸ் போகும்போது இரண்டு பக்கமும் கடல் தகதகவென்று கிடந்தது. அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. நாளைக்கு மறுபடி போடச் சொல்லிக் கேட்கலாம், ஏதோ மாறிப் போட்டுவிட்டார்கள், வேறொன்றும் இருக்காது என்று வழி நெடுக மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

சுலோஜனா அவளைக் கண்டதும் எழும்பி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், கதிரையில் இருத்தினாள், தேத்தண்ணி சொன்னாள். ஸல்ஹா தேத்தண்ணிக்குக் காத்திருக்கவில்லை. ஆதிலாவின் குரலை ஏன் போடவில்லை என்று கேட்டாள். சுலோஜனா அவள் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"உங்கட அவர் வந்தவர், தங்கச்சி. 'என்ட மனிசி அதைக் கேட்டுக் கேட்டு உருகிப்போறாள், அவள்தான் என்னை அனுப்பினவள், அதை எடுத்துப்போடுங்கோ' எண்டு சொன்னவர். நான் உடன நிலாவெளிக்குப் போய் வேற பிள்ளையைப் பதிஞ்சனான்."

ஸல்ஹா கதிரையை விட்டு எழும்பினாள். என் புருசன் பொய் சொன்னார் என்று அந்த இடத்திலேயே கத்தியிருப்பாள். ஆனால் நாலு பேர் நடமாடுகிற இடத்தில், பெத்த பிள்ளையை இழந்த மனிசனைப் பொய்யனாக்க அவளுக்கு நாக்கு எழவில்லை.

"ஓம், நான்தான் அனுப்பின," என்றாள். "இப்ப மனசு கேக்குதில்ல. அத எனக்குத் தாங்க அக்கா."

சுலோஜனாவின் முகம் வெளிறிப் போயிற்று. அந்த நிலையத்தில் ஓர் எழுத்துக்கு ஓர் இடம்தான். இருப்பது ஒரு பழைய கணினி. புதுப் பிள்ளையின் குரலை வைத்தால் பழைய பிள்ளையின் குரல் அதே இடத்தில் அழிந்துவிடும். தொடங்கின நாளிலிருந்து அப்படித்தான் செய்து வருகிறார்கள், எந்தத் தாயும் வந்து கேட்டதில்லை. வளர்ந்த பிள்ளையின் குரல்தான் வீட்டில் இருக்கிறதே. பதிவு செய்த கருவியிலும் அதற்குமேல் எத்தனையோ பிள்ளைகளைப் பதிந்தாயிற்று. இதையெல்லாம் சுலோஜனா திக்கித் திக்கிச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. இருந்தாலும் விடவில்லை. கணினியில் அங்கே திறந்து இங்கே திறந்து தேடினாள். தேத்தண்ணி ஆறிப் போயிற்று. கடைசியில், வெட்டி எறிகிற துண்டுகளைப் போடுகிற இடத்தில் ஒன்று கிடைத்தது. ஆதிலாவின் பெயர் போட்டிருந்தது. சுலோஜனா ஒலியைக் கூட்டி வைத்தாள்.

"சரிதான் மகள். வா, செருப்பப் போடு."

ஸல்ஹாவின் குரல். அவளுடைய சொந்தக் குரல். அன்றைக்குச் சாமான் அறைக் கதவடியில் நின்று சொன்னது. அதற்கு முன்னாலும் ஒன்றும் இல்லை, பின்னாலும் ஒன்றும் இல்லை. சுலோஜனா தொழில் தெரிந்தவள், கச்சிதமாக வெட்டியிருந்தாள். மறுபடி போட்டார்கள். மறுபடியும் ஸல்ஹாதான் வந்தாள். ஒரு பிள்ளையின் மூச்சுக்கூட அதில் ஒட்டியிருக்கவில்லை.

அதையாவது தரட்டுமா என்று சுலோஜனா கேட்டாள். வேண்டாம் என்று சொல்லத்தான் ஸல்ஹா வாயெடுத்தாள். பிறகு போனை நீட்டினாள்.

வீட்டுக்கு வந்தபோது றிகாஸ் பின்வளவில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தான். எங்கே போனாய் என்று கேட்டான். அவள் அவன் முன்னால் போய் நின்று போனை அமத்தினாள். தன் குரல் முடியும் வரைக்கும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் வலையைக் கீழே வைத்தான்.

"புள்ளட குரல் எங்க?" என்றான்.

அழிந்துவிட்டது என்றாள். நீங்கள் எடுக்கச் சொன்னீர்கள், எடுத்துவிட்டார்கள், இனி இந்த உலகத்தில் அது இல்லை என்றாள். அது வரும் என்றுதானே சட்டையைக் கொடுத்தேன், செருப்பைக் கொடுத்தேன், என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கக்கூடாதா என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும்.

றிகாஸ் மண்ணில் அப்படியே குந்தியிருந்தான். அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"எனக்குத்தான் ஏலாமப் போச்சு, ஸல்ஹா. கடல்ல வெச்சு ரேடியோவில கேக்கக்குள்ள, வள்ளத்தில ஒருத்தனும் என்ட முகத்தப் பாக்கமாட்டான். வாப்பாட வள்ளம் வருது எண்டு சொல்றா. ஆருட்ட வாற? எனக்கு ஏலாமத்தான் போய்ச் சொன்ன. உனக்கு ஏலாதெண்டு சொன்னா எனக்கு வெக்கமில்லையே. அண்டைக்கு உன்னக் குசினிக்குள்ள கண்டன், உனக்கும் அப்படித்தானாக்கும் எண்டு நெனச்சன்."

அவனை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. ஒன்றையும் செய்யாமல் அவளும் பக்கத்தில் குந்தினாள். ஒழுங்கையால் சுஹைராவின் மகள் கீச்சுக் கீச்சென்று ஓடிப் போனாள்.

றிகாஸ் கையை நீட்டிப் போனை வாங்கினான். தொண்டையைச் செருமி, உப்புக்காற்றில் கரடுதட்டிப்போன குரலில் மெல்லச் சொன்னான்.

"உம்மா, சரியா சொன்னனா?"

சொல்லிவிட்டுப் பொத்தானை அமத்தினான். "சரிதான் மகள். வா, செருப்பப் போடு," என்றது போன்.

ஸல்ஹா போனைப் பறித்தாள். "அப்பிடி இல்ல," என்றாள். "அவ அப்பிடிக் கேக்கல்ல."

எப்படிக் கேட்டாள் என்று அவனுக்குச் சொல்லிக் காட்ட வாயைத் திறந்தாள். "உம்மா, சரி..." என்று தொடங்கினாள். அது தன் குரலாகத்தான் வந்தது. நிறுத்திவிட்டு, இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிச் சொல்லிப் பார்த்தாள். அதுவும் இல்லை. அந்த 'சரியா' எங்கே ஏறும், எங்கே இழுபடும், எந்த இடத்தில் சிரிப்பு வந்து முட்டும்? எல்லாரும் சிரித்தது நினைவிருந்தது. வெறுங்காலோடு நின்றது நினைவிருந்தது. றிகாஸ் அவள் வாயையே பார்த்தபடி காத்துக்கொண்டிருந்தான். மறுபடியும் தொடங்கினாள், மறுபடியும் நிறுத்தினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் பிள்ளை தானே வந்து கேட்டுவிட்டுப் போனதால், அதை நெஞ்சில் பிடித்துவைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்தக் குரல் அவளுக்கு மறந்துபோயிருந்தது.